பனி அள்ளும் இயந்திரத்துக்கு ஆயுத பூஜை

நான் பனியைப் பார்த்தவனில்லை. எனக்குத் தெரிந்த பனியெல்லாம் அஜ்மானில் எங்கள் வீட்டு ஃப்ரீசரில் மீன் பொட்டலத்தைச் சுற்றிக் கட்டியிருப்பதுதான். அதைக் கத்தியால் கொத்துவேன், பெண்டாட்டி திட்டுவாள். அப்படிப்பட்டவனுடைய பொறுப்பில்தான், ரயில் பாதையில் மலை மலையாய்க் கிடந்த பனியை அள்ளி எறிந்த ஒரு பழங்கால இயந்திரத்தைக் கொண்டுவந்து இறக்கினார்கள்.

நான் மேனேஜராக இருக்கும் பட்டறை அஜ்மான் இண்டஸ்ட்ரியல் ஏரியாவில் இருக்கிறது. கண்காட்சிகளுக்கு வேண்டியதெல்லாம் செய்து கொடுப்போம். பிளைவுட் கோட்டை, தெர்மோகோல் ஒட்டகம், ஃபைபர் பேரீச்சை மரம். எங்களிடமிருந்து வெளியே போவதில் நிஜமானது டெலிவரி வண்டி மட்டுமே என்று நானே சொல்லிச் சிரிப்பேன். துபாயில் ஓர் அருங்காட்சியகம், ரயில்கள் இயற்கையோடு மல்லுக்கட்டிய கதையை வைத்து ஒரு கண்காட்சி நடத்தத் திட்டமிட்டது. தண்டவாளத்தை மூடும் மணலைத் தள்ளுகிற வண்டி ஒரு பக்கம், பனியைத் தள்ளுகிற வண்டி எதிர்ப்பக்கம். மணல் வண்டி இங்கேயே கிடைத்துவிட்டது. பனி வண்டியை எங்கோ ஒரு குளிர் மலை ஊரின் ரயில் அருங்காட்சியகம் கடனாகக் கொடுத்தது. முழு வண்டியையும் அனுப்ப அவர்களுக்கு மனசில்லை. முன்னாலிருக்கும் சக்கரத்தை மட்டும் பெட்டி கட்டி அனுப்பினார்கள். பின்னாலிருக்கும் உடம்பை நாங்கள் பிளைவுட்டில் செய்து ஒட்டவேண்டும்.

சக்கரம் என்றால் ஓடுகிற சக்கரம் இல்லை. ஆளுயரத்தையும் தாண்டிய ஓர் இரும்பு மின்விசிறி. இறக்கைகளுக்குப் பதில் தகடு தகடாய்க் கத்திகள். வண்டிக்குள்ளே கொதிக்கும் நீராவி இந்த விசிறியைச் சுற்றும்; விசிறி பனியை அரைத்து அள்ளி, மேலேயுள்ள புனல் வழியாகப் பள்ளத்தில் வீசும். வேடிக்கை என்னவென்றால், வண்டியால் தானாக ஓர் அங்குலம்கூட நகர முடியாது. பின்னாலிருந்து வேறு எஞ்சின்கள் தள்ளவேண்டும். தானாக நகராது, பின்னாலிருந்து யாராவது தள்ளவேண்டும், ஆனால் முன்னால் வருவதையெல்லாம் வாரி அடுத்தவர் தலையில் கொட்டும். வளைகுடாவில் நான் பார்த்த மேனேஜர்கள் எல்லாரும், என்னையும் சேர்த்து, இந்த வகைதான்.

வீட்டில் பெண்டாட்டியிடம் போட்டோவைக் காட்டினேன்.

"ஏங்க, நம்ம ஃப்ரீசர்ல ஐஸ் கட்டுதே, அதுக்கு இது சரிப்படுமா?" என்றாள்.

"இது மியூசியத்துப் பொருள்டி. விளையாட்டில்ல."

"விளையாட்டில்லைன்னா உங்ககிட்ட ஏன் குடுத்தாங்க?"

நியாயமான கேள்வி.

கடன் கொடுத்தவர்களின் நிபந்தனைகள் அப்படி இருந்தன. வந்தது வந்தபடி திரும்பிப் போகவேண்டும், துரு உட்பட. அந்தத் துருவும் உரிந்த பெயின்ட்டும் சரித்திரமாம். நிறம் ஒரு துளி மாறினாலும் பொருளைத் திரும்ப எடுத்துக்கொள்வார்கள். வெள்ளை கிளவுஸ் இல்லாமல் யாரும் கிட்டே போகக்கூடாது. எங்கள் முதலாளி நல்ல மனுஷன், சாந்தமான அரபி. என்னைக் கூப்பிட்டு, "அதுக்கு ஏதாவது ஆச்சுன்னா, கலாஸ், முடிஞ்சுது, அது போற கப்பல்லயே நீயும் போ" என்று சிரித்தபடி சொன்னார். கத்தியிருந்தால் நான் பயந்திருக்கமாட்டேன். அவர் சிரித்துவிட்டார். மகள் பன்னிரண்டாம் வகுப்பு. எனக்கு ஐம்பதைத் தாண்டிவிட்டது. இந்த வயசில் இன்னொரு விசா கொடுக்க எந்தப் புண்ணியவான் காத்திருக்கிறான்?

பட்டறையில் என் வலதுகை ஸ்டோர்கீப்பர். காயல்பட்டினத்துக்காரர். அவர்கள் ஊரில் அண்ணனைக் காக்கா என்பார்கள். எங்கள் பட்டறையில் அரபி முதலாளிவரை எல்லாருக்கும் அவர் காக்காதான். அவருக்கு ஒரே ஒரு கொள்கை: எதன்மேலிருக்கும் பிளாஸ்டிக்கையும் பிரிக்கக்கூடாது. காரின் சீட், ரூமிலிருக்கும் மெத்தை, டிவி ரிமோட் எல்லாம் கடையிலிருந்து வந்த உறையோடே வாழ்கின்றன. "பிரிச்சுட்டா பழசாயிரும்லா தம்பி" என்பார். நான் கேலி செய்வேன். ஆனால் எங்கள் வீட்டு சோபாவிலும் உறை அப்படியேதான் இருக்கிறது. ஊருக்குப் போகும்போது புதுசாய்க் கொண்டுபோகவேண்டுமாம். கோடையில் அதில் உட்கார்ந்து எழுந்தால் தொடைத்தோல் அங்கேயே தங்கிவிடும்.

இனி ஆயுத பூஜை. பண்டிகை எந்தக் கிழமையில் வந்தாலும் எங்கள் பட்டறையில் அதை லீவு நாளான ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றிவிடுவோம். ஷட்டரை இறக்கிவிட்டு எல்லா இயந்திரத்துக்கும் சந்தனம், குங்குமம், பூ. பொட்டு வைத்தபின் மறுநாள் காலைவரை எதையும் எடுக்கக்கூடாது. அன்றைக்கு அவற்றுக்கு ரெஸ்ட். பொட்டு வைப்பது கார்பென்டரும் அவன் கூட்டாளிகளும். பொரி, கடலை, வாழைப்பழம், எலுமிச்சை எல்லாம் வாங்கிவருவது காக்கா. அந்த வேலையை அவர் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. போன வருஷம் கம்பிரசரை மறந்துவிட்டோம். அது வருஷம் முழுக்கச் சளி பிடித்தவன் மாதிரி இருமிக்கொண்டே கிடந்தது. அதனால் இந்தத் தடவை சனிக்கிழமை சாயங்காலமே எல்லாரையும் நிற்கவைத்து உரக்கச் சொன்னேன்.

"நாளைக்கு இந்த ஷெட்டுக்குள்ள மிஷின்னு பேர் இருக்கிற ஒண்ணையும் விடக்கூடாது. விட்டீங்கன்னா அது என்னைத்தான் கடிக்கும். புரிஞ்சுதா?"

"புரிஞ்சுதுண்ணே" என்றான் கார்பென்டர்.

"பனி மிஷின் பெட்டியையும் காலையில திறந்து வச்சிருங்க. மியூசியத்துலருந்து வர்ற மேடம் ஸ்க்ரூடிரைவரோட மல்லுக்கட்ட வேணாம்."

இரண்டு உத்தரவையும் ஒரே மூச்சில் சொன்னவன் நான்தான். இதைக் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் மற்றவர்கள் மேல் பழி போடும்போது எனக்கு இது மறந்துபோகும்.

ஞாயிறு காலை மேடத்தை அழைத்துவர ஏர்போர்ட்டுக்குப் போனேன். அந்த மலை ஊர் அருங்காட்சியகத்தில் பொருட்களின் உடல்நலத்தைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. ஒட்டடைக்குச்சி உயரம், வெள்ளைத் தலைமுடி, கையில் ஒரு சின்னத் தகரப்பெட்டி. அதை டிக்கியில் வைக்கவிடாமல் மடியிலேயே வைத்துக்கொண்டார்.

"எங்கள் கிழவி எப்படி இருக்கிறாள்?" என்று கேட்டார். சக்கரத்தைத்தான் சொல்கிறார் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

"ராணி மாதிரி வைத்திருக்கிறோம், மேடம்."

சொல்லி வாய் மூடுவதற்குள் காக்கா போன் செய்தார். காரின் ஸ்பீக்கர் அவர் குரலை எடுத்துக்கொண்டது. தமிழ்தானே, மேடத்துக்கு என்ன தெரியும் என்று விட்டுவிட்டேன்.

"தம்பி, பூஜை முடிஞ்சு. ஒண்ணையும் விடல. டிரில்லு, கட்டிங் மிஷின், கம்பிரசரு, வாக்குவம், ஃபோர்க்லிஃப்ட்டு, ஆபீஸ்ல உள்ள பிரிண்டரு…"

"சரி காக்கா, சரி."

"தரை துடைக்கிற மாப்புக்கும் வச்சிட்டானுவோ. அது மிஷினான்னு ஒரு சண்டை வந்துச்சு. போவட்டும், அதுவும் உழைக்குதுல்லான்னு நான்தான் தீத்து வச்சேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு பாதியில் நின்றது.

"காக்கா. அந்தப் புது மிஷின்?"

"எது, பனியா? அதுக்குத்தான மொதப் பொட்டு! விருந்தாளியில்லா."

ஸ்டியரிங் என் கையில் இருந்ததா, நான் ஸ்டியரிங்கின் கையில் இருந்தேனா, தெரியாது.

"காக்கா! அதைத் தொடவே கூடாதுன்னு சொன்னேன்ல!"

"யாரு தொட்டா? வெள்ளை கிளவுஸ் போட்டுத்தான் வச்சானுவோ. நீங்கதான சொன்னியோ, கிளவுஸ் இல்லாம கிட்டப் போகக்கூடாதுன்னு. பாவம், புது கிளவுஸு. எல்லாம் செவப்பாப் போச்சு."

"எத்தனை பொட்டு?"

"கத்திக்கு ஒண்ணு. நடுவுல ஒண்ணு பெருசா. பாக்க என்னா அழகு! மிஷினு சும்மா பளபளன்னு மின்னுது."

"பளபளன்னா? அது துருப்பிடிச்ச மிஷினாச்சே. எண்ணெய் போட்டுத் துடைச்சீங்களா?"

"நாங்க ஒண்ணும் பண்ணல. பொட்டியத் தொறந்தப்பவே பளபளப்புத்தான்."

நான் நம்பவில்லை. எண்ணெய் தேய்த்துச் சரித்திரத்தை மொத்தமாக வழித்துவிட்டு இப்போது கதை விடுகிறார்கள் என்றுதான் தோன்றியது.

"உடனே துடைங்க காக்கா! இல்ல இல்ல, துடைக்காதீங்க. துடைச்சா இழுபடும். ஊதுங்க."

"துடைக்கவா, ஊதவா?"

"ஊதுங்க!"

"புளோயருக்கு மாலை போட்டாச்சே தம்பி. நாளைக்குத்தான எடுக்க முடியும்."

மேடம் என்னைத் திரும்பிப் பார்த்தார். "ஏதாவது பிரச்சினையா?"

"இல்லை மேடம். உங்களுக்கு வரவேற்பு சொல்லுகிறார்கள். கொஞ்சம் உணர்ச்சிவசப்படுகிறவர்கள்."

என்னிடம் மிச்சமிருந்த ஒரே ஆயுதம் டிராஃபிக். துபாயிலிருந்து ஷார்ஜா வழியாக அஜ்மானுக்குப் போகும் பாதையில் டெலிவரிக்காகத் தினமும் உட்கார்ந்து நரைத்த தலை இது. இந்த ஒரு நாளாவது அந்த நெரிசல் எனக்கு உதவட்டும் என்று, ஊரில் எல்லாரும் தவிர்க்கும் சாலையாகப் பார்த்துத் தேடிப் போய் நுழைந்தேன். ஞாயிற்றுக்கிழமை. சாலை கிரிக்கெட் ஆடலாம் போலக் கிடந்தது. என் வாழ்நாளில் ஷார்ஜாவை அவ்வளவு வேகமாகக் கடந்ததில்லை. முழு டேங்க்கோடு பெட்ரோல் பங்குக்குள் போனேன். கால் லிட்டர்கூட இறங்கவில்லை, பங்க் ஆள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தான். கரக் டீக்கு நிறுத்தினேன். மேடம் ரசித்துக் குடித்தார். "இன்னொன்று?" என்றேன். வேண்டாம் என்றார். "சமோசா?" வேண்டாம். "கடற்கரை இங்கே மிக விசேஷம், மேடம்."

"கடல் எங்கேயும் போய்விடாது" என்றார். "நான் முதலில் கிழவியைப் பார்க்கவேண்டும்."

பட்டறை வாசலில் காரை நிறுத்தியதும், மேடம் சீட் பெல்ட்டைக் கழற்றி முடிப்பதற்குள் ஓட ஆரம்பித்தேன். முழங்கால் வலிக்காரன் ஓடுகிற ஓட்டம் எப்படியிருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். ஒரு கால் ஓடும், இன்னொன்று ஆட்சேபிக்கும். ஷட்டருக்கு அடியில் குனிந்து உள்ளே புகுந்தேன்.

கண் கூசியது. ஷெட்டின் நடுவில், ஊதுபத்திப் புகைக்குள், அந்த இரும்பு விசிறி கல்யாணப் பெண்ணாக நின்றிருந்தது. ஒவ்வொரு கத்தியிலும் சந்தனம், அதன்மேல் குங்குமம். கழுத்து எங்கே என்று தெரியாததால் மாலையை மேல் கத்தியில் தொங்கவிட்டிருந்தார்கள். கீழே வாழையிலையில் பொரி. பையன்கள் பெருமையோடு என் முகத்தைப் பார்த்தார்கள். காக்கா சொன்னது சரிதான்; மின்னியது.

துடைக்கத் துணி எதுவும் கையில் இல்லை. என் கைக்குட்டையை உருவினேன். ஒரு கத்தியின்மேல் பாய்ந்து அழுத்தி ஒரு தேய்ப்பு.

"அண்ணே! அண்ணே!" என்று கார்பென்டர் கத்தினான்.

"தம்பி, கவரு! கவரு கிழியுது!" என்று காக்கா அலறினார்.

சர்ரென்று ஒரு சத்தம். கண்ணாடி மாதிரி ஒரு மெல்லிய பிளாஸ்டிக் என் கையோடு உரிந்து வந்தது. அதன் கிழிசல் வழியாக என் கைக்குட்டையும் குங்குமமும் சந்தனமும் நானும் நேராகச் சரித்திரத்தின்மேல் போய் இறங்கினோம். துருவேறிய இரும்பில் ஒரு சாண் நீளத்துக்குச் சிவப்பாக ஓர் இழுப்பு.

மின்னியது இரும்பு இல்லை. அருங்காட்சியகத்தார் இறுக்கமாகச் சுற்றி அனுப்பிய உறை. பையன்கள் அதைப் பிரிக்கவே இல்லை. காக்கா ஆளும் பட்டறையில் எவன் பிரிப்பான்? பொட்டெல்லாம் பிளாஸ்டிக்கின்மேல்தான் இருந்தது. கிழவியின்மேல் ஒரு தூசி பட்டிருக்கவில்லை, நான் வந்து சேரும்வரை.

"நாங்க பத்திரமாத்தான் வச்சிருந்தோம்" என்றார் காக்கா மெதுவாக. இழவு வீட்டில் பேசும் குரல்.

பின்னால் செருப்புச் சத்தம். மேடம் வந்து நின்றார். மாலையைப் பார்த்தார், பொரியைப் பார்த்தார், மாப்பின் நெற்றியிலிருந்த பொட்டைப் பார்த்தார். கடைசியில் என் கையிலிருந்த சிவப்புக் கைக்குட்டையைப் பார்த்தார். எனக்குக் கப்பலின் சங்கு கேட்டது.

என்ன சொன்னேன் என்று எனக்கே சரியாக நினைவில்லை. கருவிகளுக்கு நன்றி சொல்லும் நாள், நாளைக் காலைவரை அவற்றுக்கு ஓய்வு, பையன்கள் மேல் தப்பில்லை, மகள் பன்னிரண்டாம் வகுப்பு, எல்லாவற்றையும் ஒரே வாக்கியத்தில் சொன்னேன் என்று கார்பென்டர் பிற்பாடு நடித்துக் காட்டினான். மேடம் கேட்டுக்கொண்டே கிட்டப்போய், மூக்கு இடிக்கும் தூரத்தில் அந்த இழுப்பை ஆராய்ந்தார்.

"இந்தத் தூள் எதால் ஆனது?"

"மஞ்சளும் சுண்ணாம்பும், மேடம்" என்றேன். பாக்கெட்டில் வேறென்னவோ எழுதியிருந்தது; அதை காக்கா காலால் ஓரமாகத் தள்ளிவிட்டார்.

"பிளாஸ்டிக்கின்மேல் இருப்பது அப்படியே இருக்கட்டும். நாளைக்கு உங்கள் ஓய்வு முடிந்ததும் பார்க்கலாம். இரும்பின்மேல் இருப்பது இப்போதே போகவேண்டும். போய்விட்டால் அறிக்கையில் எழுத எதுவுமில்லை. போகாவிட்டால் நான் போன் செய்யவேண்டியிருக்கும்." பிறகு தகரப்பெட்டியைத் திறந்தார். உள்ளே குச்சி குச்சியாகப் பஞ்சு. ஒன்றை எடுத்து நாக்கில் வைத்து நனைத்து, கத்தியின் ஓரத்தில் பொட்டளவு இடத்தில் மெல்ல உருட்டினார். பஞ்சு சிவந்தது. இரும்பு தெளிந்தது.

பையன்கள் கிட்டே வந்து எட்டிப் பார்த்தார்கள்.

"எச்சிலா?" என்றான் கார்பென்டர். "அண்ணே, பூஜை போட்ட மிஷின்ணே!"

"எங்கள் தொழிலில் இதைவிட மென்மையான மருந்து கிடையாது" என்றார் மேடம், அவன் முகத்திலேயே எல்லாவற்றையும் படித்தவராக. பிறகு என் பக்கம் குச்சியை நீட்டினார். "இழுத்தது உங்கள் கை. எச்சிலும் உங்களுடையதாக இருக்கட்டும். பஞ்சில் சிவப்பு வந்தால் இன்னும் துடையுங்கள். பழுப்பு வந்தால் நிறுத்துங்கள். அது எங்கள் துரு."

"சாமி குத்தமாயிடாதா?" என்று கார்பென்டர் காக்காவிடம் கேட்டான். பட்டறையில் எந்தச் சந்தேகத்துக்கும் அவர்தான் கடைசி நீதிமன்றம்.

காக்கா தாடியைத் தடவி யோசித்தார். "பொட்டு வச்ச சாமானத்தை எடுக்கத்தானலே கூடாது? மேனேஜர் வாய்க்கு எவனாவது பொட்டு வச்சியளா?"

யாரும் வைக்கவில்லை. அந்த ஷெட்டில் பூஜைக்கு வைக்காத ஒரே கருவி என் வாய்தான் என்று தீர்ப்பாயிற்று.

குச்சியை வாங்கி நாக்கில் வைத்தேன். பஞ்சு அப்படியே வெளியே வந்தது, காய்ந்துபோய். காலையிலிருந்து கத்தின கத்தலிலும் பயத்திலும் வாயில் ஒரு சொட்டு இல்லை. இருபத்தைந்து வருஷமாக இந்தப் பாலைவனத்தில் ஓயாமல் ஓடிய வாய், தேவைப்பட்ட அன்று வறண்டுவிட்டது. தண்ணீர் குடிக்கப் போனேன். "தண்ணீர் வேறு, இது வேறு" என்று மேடம் தடுத்தார்.

அப்போதுதான் காக்கா சட்டைப்பையில் கைவிட்டார். பூஜைக்கு வாங்கியதில் மிஞ்சிய எலுமிச்சம்பழம் ஒன்று. என் முகத்துக்கு நேராக நின்றார். பல்லால் தோலைக் கடித்து, சாறு முழங்கையில் வழிய, கண் இரண்டும் ஒன்றாகச் சுருங்க உறிஞ்சினார். உஸ்ஸென்று ஒரு சத்தம் வேறு. கல்யாண வீடுகளில் நாதஸ்வரக்காரர் முன்னால் உட்கார்ந்து புளியங்காய் தின்று காட்டி, அவர் வாசிப்பைக் கெடுத்த பயல்களில் நானும் ஒருவன். அந்தப் பாவம் அஜ்மான்வரை வந்து என்னைப் பிடித்துக்கொண்டது. தாடையின் இரண்டு பக்கமும் சுரீரென்றது. வாய் ஊறியது.

துடைத்தேன். சிவப்பு. இன்னொரு குச்சி. சிவப்பு. வாய் காயும்போதெல்லாம் திரும்பிப் பார்ப்பேன். காக்கா ஒரு கடி கடிப்பார். எலுமிச்சை தீர்ந்ததும் கார்பென்டர் தைரியமாக வெறும் கையை வாயில் வைத்து, இல்லாத பழத்தைக் கடித்து நடித்தான். அதற்கும் ஊறியது. மேடம் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பொரி தின்றுகொண்டே ஒவ்வொரு பஞ்சையும் வெளிச்சத்தில் பார்த்தார். இளஞ்சிவப்பு ஆனது. ரோஜா ஆனது. கடைசியில் ஒரு பஞ்சு கொஞ்சமே கொஞ்சம் பழுப்பாக வந்தது.

"நிறுத்துங்கள்" என்றார். "அது எங்களுடையது."

மேடம் யாருக்கும் போன் செய்யவில்லை. கிழவி அன்றிரவு மாலையும் பொட்டுமாகவே இருந்தாள். மறுநாள் காலை பையன்கள் எல்லாவற்றையும் முறைப்படி எடுத்த பிறகுதான் மேடம் உறையைப் பிரித்தார். கண்காட்சி நடந்தது. எங்கள் பிளைவுட் உடம்பை நிஜமென்று நினைத்துப் பலர் அதோடு செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள்.

வீட்டில் கதையைச் சொன்னபோது பெண்டாட்டி சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள். "உங்க வாயால ஒரு காரியம் உருப்பட்டு நான் பார்த்ததே இல்ல" என்றாள். அப்புறம், "அப்படியே ஃப்ரீசரையும் ஒருநாள் துடைச்சுக் குடுங்க" என்றாள்.

சில மாதம் கழித்து மேடம் மறுபடி வந்தார், கிழவியை அழைத்துப்போக. சக்கரத்தைச் சுற்ற அவர் பெட்டியிலிருந்து எடுத்ததைப் பார்த்து காக்கா அசந்துபோனார். அதே பழைய உறை. நீவி மடித்து, என் கிழிசலுக்கு டேப் ஒட்டி, பத்திரமாக வைத்திருந்தார். ஓரிரு இடத்தில் குங்குமக் கறைகூட அப்படியே இருந்தது.

"தம்பி, இவங்க நம்ம ஆளு" என்று காக்கா என் காதில் சொன்னார். இத்தனை வருஷப் பழக்கத்தில் அவர் வேறு யாரையும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

சுற்றுவதற்கு முன் மேடம் கடைசியாக ஒரு பஞ்சுக்குச்சியை எடுத்தார். நான் இழுத்த அந்தக் கத்தியின் ஓரத்துக்குக் கொண்டுபோனார். எல்லாம் எப்போதோ முடிந்தது என்று மூளைக்குத் தெரியும், வாய்க்குத் தெரியவில்லை. அது அந்த நொடியே வறண்டுபோய் மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. பக்கத்தில் நின்ற காக்கா சட்டைப்பையைத் தட்டிக் காட்டினார். பை உருண்டையாகப் புடைத்திருந்தது.

முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அதற்குள் ஊறிவிட்டது.